பக்கவாதத்துக்குப் பிறகு கை பிடிக்குது, விட மாட்டேங்குது: பந்து அமுக்கலாமா?

கேள்வி (முக்கூடல்)
அம்மாவுக்கு வயசு 58, 30 வருசமா பீடி சுத்துனவங்க. வலது பக்கம் பக்கவாதம் வந்து மூணு மாசம். நடந்துருதாங்க. டம்ளரைப் பிடிக்காங்க, ஆனா பிடிச்சதை விட முடியல. ரப்பர் பந்தைத் தினம் 200 தடவை அமுக்கச் சொல்லுதாங்க. எண்ணெய் போட்டு உருவிவிட ஆள் கூப்பிடலாமான்னும் வீட்டுல பேச்சு. எது சரி?

பதில் 1
பந்தை எடுத்து வச்சிருங்க தங்கச்சி. அமுக்குறதுல அவங்களுக்குக் குறை இல்ல, விரிக்கிறதுலதான் குறை. எதைப் பழகுதோமோ அதுதான் கைக்கு வரும்.

மூடின கையைத் திறக்க, முதல்ல மணிக்கட்டை உள்பக்கமா மடக்குங்க, விரல் தானா நெகிழும். கட்டைவிரலை நுனியில பிடிக்காம அடியில பிடிச்சு வெளியே எடுங்க. மத்த விரலை நீட்டி, அப்படியே வச்சுக்கிட்டு மணிக்கட்டை மெதுவா நிமிர்த்துங்க. அரை நிமிசம் நிறுத்தணும், அஞ்சு தடவை. வெடுக்குன்னு இழுத்தா தசை எதிர்த்து இன்னும் இறுகும்.

அடுத்தது விடுற பயிற்சி. முன்கை மேசையில, மணிக்கட்டு ஓரத்துல தொங்கணும், கீழே ஒரு சொளவு. கையில எலுமிச்சம்பழம் கொடுத்து விழவிடச் சொல்லுங்க. தோள் காதுப் பக்கம் ஏறுதா, நெஞ்சு முன்னால சாயுதான்னு பாத்துக்கிடுங்க. சாஞ்சா துண்டால நாற்காலியோட நெஞ்சைத் தளர்வாக் கட்டி, பொருளைக் கிட்ட வையுங்க. தூரத்துல வச்சா உடம்புதான் வேலை செய்யும், கை செய்யாது.

பதில் 2
அவங்க கைக்குப் பழகின வேலையையே பயிற்சியாக்கலாம். பீடி இலை, புகையிலைத் தூள் வேண்டாம், இலைக்குத் தாள், தூளுக்கு ரவை. மெல்லிசு தாள் தட்டோட ஒட்டிக்கிடும், அதனால முதல்ல கல்யாணப் பத்திரிகை அட்டையை இலை அளவுக்கு வெட்டி, விளிம்பு தட்டுக்கு வெளியே ஒரு விரல்கடை நீட்டிக்கிட்டு இருக்குற மாதிரி வையுங்க. கட்டைவிரல், ஆள்காட்டி விரலால எடுத்து அடுத்த தட்டுல விடணும். 20 அட்டையில 15 சரியா வந்தா தினசரி காலண்டர் தாள். அப்புறம் ரவையைக் கிள்ளித் தூவுறது, உருட்டுறது. முனை மடக்குறதும் நூல் கட்டுறதும் கடைசி. ஒரே மூச்சுல ஒரு மணி நேரம் வேண்டாம், 20 நிமிசம் மூணு வேளை. களைச்ச கை தப்பாத்தான் பழகும்.

பதில் 3
எண்ணெய் லேசாத் தடவலாம், உருவி இழுக்கக் கூடாது. தோள் மூட்டைப் பிடிச்சு வச்சிருக்கிறது தசைதான். அது தளர்ந்திருக்கும்போது இழுத்தா மூட்டு இறங்கிடும். அவங்களை எழுப்பும்போதும் கையைப் பிடிச்சுத் தூக்காதீங்க. உக்காரும்போது முன்கைக்கு அடியில தலகாணி. சூட்டு ஒத்தடமும் கவனம், உணர்ச்சி குறைஞ்ச தோல் வெந்தாலும் தெரியாது. புறங்கை வீங்கிப் பளபளன்னு வலிச்சா தள்ளிப் போடாம பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில காட்டுங்க.

கேட்டவர்
நல்லா விளங்குச்சு அண்ணாச்சி. இடது கைக்கு உறை மாட்டிவிட்டா வலது கை வேலை செய்யுமாமே?

பதில் 1
செய்யும், ஆனா இப்போ இல்ல. மணிக்கட்டு தானா 20 டிகிரி, விரல்கள் 10 டிகிரி மேலே நிமிரணும். அதுக்கு முன்னாடி மாட்டினா வேலை முடியாம மனசுதான் உடையும். வந்தபிறகு பயிற்சி நேரத்துல மட்டும் மாட்டுங்க. நடக்கும்போதும், அடுப்பு, குளியலறைப் பக்கமும் கழட்டிடணும். நாளுக்கு நாள் கை இறுகிக்கிட்டே போனா தசை இறுக்கத்தைத் தளர்த்துற போட்டாக்ஸ் ஊசி பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க. அதோட பலன் மூணு மாசம்போல நிக்கும், அந்த நாள்லதான் விரிக்கிற பயிற்சியைக் கூட்டணும்.