லோடு கொடுத்தா மட்டும் என்ஜின் சூடு ஏறுது, தெர்மோஸ்டாட்டைக் கழட்டிடலாமா?

முதுநகர் போட்

கடலூர் துறைமுகம். மர விசைப்படகு, 6 சிலிண்டர் இன்போர்டு டீசல். உள் சுத்துல கூலண்ட், வெளிச் சுத்துல கடல் தண்ணி, நடுவுல கூலண்ட் சூட்டைக் கடல் தண்ணிக்கு மாத்தற ஹீட் எக்ஸ்சேஞ்சர். எக்ஸாஸ்ட்ல தண்ணி கலக்காது, புகை தனியா மேல போகுது. கடல் தண்ணி இடது பக்கக் குழாய்ல வெளிய விழுது.

தடைக்காலம் முழுக்க (ஏப்ரல் 15 – ஜூன் 14) கட்டி வச்சிருந்த போட். தொழிலுக்கு இறங்கினதுல இருந்து இந்தத் தொல்லை. ஐடில்ல எவ்வளவு நேரம் விட்டாலும் 78 டிகிரி தாண்டாது. மடி (வலை) இழுக்க 1500 ஆர்பிஎம் வச்சா கால் மணி நேரத்துல 98 போய் அலாரம் அடிக்குது. ரேஸ் குறைச்சா தானா இறங்குது. கூலண்ட் குறையல, கரும்புகை இல்ல, பெல்ட் புதுசு. சூட்டுக்குத் தகுந்தாப்புல கூலண்ட் வழியைத் திறந்து மூடற தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போட்டுட்டு ஓட்டுங்கன்னு மெக்கானிக் சொல்றார். செய்யலாமா?

தேங்காய்த்திட்டு டீசல்

கழட்டாதீங்க தம்பி. இந்த மாதிரி என்ஜின்ல பெரும்பாலும் பைபாஸ் வகை தெர்மோஸ்டாட்தான் இருக்கும். சூடானதும் அது எக்ஸ்சேஞ்சர் பக்கம் திறக்கும், அதே நேரம் பைபாஸ் வழியை மூடும். கழட்டிட்டா பைபாஸ் எப்பவும் திறந்தே கிடக்கும். கூலண்ட்ல ஒரு பங்கு எக்ஸ்சேஞ்சர் பக்கமே போகாம என்ஜினுக்குள்ளயே சுத்தும். லோடுல சூடு இன்னும் கூடும், லோடு இல்லாதப்ப என்ஜின் சரியா சூடாகாம கரி பிடிக்கும்.

சந்தேகம் இருந்தா வெளிய எடுத்து சோதிச்சுப் பாருங்க. நூல்ல கட்டி, பாத்திரத்தோட அடியில படாம தண்ணில தொங்க விட்டு, பக்கத்துல தெர்மாமீட்டர் வச்சு சூடு பண்ணுங்க. மேல பொறிச்சிருக்கற டிகிரில வாய் விட ஆரம்பிக்கணும், இன்னும் 12–15 டிகிரி ஏறினா முழுசா திறக்கணும். திறந்தா நல்லா இருக்கு, அதே இடத்துல மாட்டிடுங்க.

நீங்க சொல்ற அறிகுறி வெளிச் சுத்தைத்தான் காட்டுது. ஐடில்ல சூடு கொஞ்சம்தான் உண்டாகும், அரைகுறை தண்ணி வந்தாலும் சமாளிச்சிடும். லோடு ஏறினாத்தான் குட்டு வெளிப்படும். எதையும் பிரிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு அளவு எடுங்க:

கரையில கட்டி, நியூட்ரல்ல 1000லயும் 1500லயும் வச்சு, வெளிய விழற தண்ணியை 20 லிட்டர் பக்கெட்ல பிடிச்சு எத்தனை வினாடியில நிறையுதுன்னு குறிங்க. பம்பு என்ஜினோட சேர்ந்து சுத்துது, அதனால ஒன்றரை மடங்கு ஆர்பிஎம்முக்குத் தண்ணியும் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு வரணும்.

அடுத்தது, மடி இழுக்கும்போது விழற தண்ணியோட சூடு. கடல் தண்ணியை விட 10–12 டிகிரி கூட இருந்தா சரி. தண்ணி குறைவா வந்து, அதுவும் ரொம்ப சூடா விழுந்தா ஓட்டம் பத்தல. தண்ணி நிறைய வந்து, அது சூடே ஏறாம விழுந்து, என்ஜின் மட்டும் கொதிச்சா சூடு கைமாறல: டியூப்ல உப்புப் படிவம், இல்லன்னா உள் சுத்துல கோளாறு.

உப்பனாறு டிரைவர்

கேஜையும் நம்பிடாதீங்க. தெர்மோஸ்டாட் கூட்டுல இன்ஃப்ராரெட் கன் வச்சு ஒத்துப் பாருங்க. எர்த் சரியில்லன்னா முள்ளு இஷ்டத்துக்கு ஆடும்.

ரெண்டு மாசம் நின்ன போட்னா முதல்ல கடல் தண்ணி நுழையற அடிப்பக்க வாயைத்தான் பார்க்கணும். கிரில்லுலயும் சீ காக் (அந்த வாயை மூடித் திறக்கற வால்வு) உள்ளயும் கொட்டலசு (ஓட்டோட ஒட்டிக்கிற கடல் உயிரி) பிடிச்சு ஓட்டையைச் சுருக்கிடும். சீ காக்கை மூடிட்டு ஹோஸைக் கழட்டுங்க. மர ஆப்பு ஒண்ணு கையில தயாரா வச்சுக்கிட்டு ஒரு நொடி திறந்து பாருங்க. குழாய் நிறைய பீறிட்டு வரணும். நூலா வந்தா அங்கதான் அடைப்பு.

அப்புறம் வடிகட்டி. ஓடும்போது கண்ணாடி மூடி வழியா குமிழி தெரிஞ்சா உறிஞ்சற பக்கம் காத்து இழுக்குது. மூடி ரப்பர், கிளாம்ப், ஒவ்வொரு இணைப்பிலயும் சோப்பு நுரை தடவுங்க. எங்க நுரை உள்ள போகுதோ அங்க ஒழுக்கு. இந்த இடத்துல தண்ணி வெளிய சொட்டணும்னு அவசியமில்ல, அதனாலதான் பல பேர் கண்ணுல படாமப் போகுது. ஹோஸ் கம்பி சுத்தின வகையா இருக்கணும். வெளிய புதுசா தெரியும், உள் பட்டை பிரிஞ்சு ரேஸ் ஏத்தும்போது மட்டும் அடைக்கும்.

முதுநகர் போட்

பார்த்தாச்சு அண்ணே. 20 லிட்டர் நிறைய 1000ல 30 வினாடி, 1500ல 28. கடல் தண்ணி 29, மடி இழுக்கும்போது விழற தண்ணி 48. தெர்மோஸ்டாட் சரியா திறக்குது. வடிகட்டில குமிழி இல்ல. சீ காக்ல கொட்டலசு இருந்துச்சு, சுரண்டி எடுத்தாச்சு, ஆனா பெரிய மாற்றம் இல்ல. பம்புக்குள்ள சுத்தற ரப்பர் இம்பெல்லரைக் கழட்டினா ரெண்டு இதழோட நுனி காணோம். மத்த இதழும் ஒரே பக்கமா வளைஞ்சு நிக்குது. பம்பு மூடியில நகம் மாட்டற அளவுக்கு வட்டக் கோடு.

தேங்காய்த்திட்டு டீசல்

1500ல 20 வினாடிக்கு நிறையணும், உங்களுக்கு 28. ஏறவே இல்லன்னுதான் அர்த்தம். கோளாறு அங்கதான். அசையாம நின்னா ரப்பர் வளைஞ்ச மேனிக்கே நின்னுடும், காய்ஞ்சு வெடிக்கும். முகத்துவாரத்துல தரை ஒட்டிப் போறப்ப உறிஞ்சின மணல்தான் மூடியைத் தேய்ச்சது.

புது இம்பெல்லர் மாட்டறதுக்கு முன்னாடி அந்த ரெண்டு நுனியைத் தேடுங்க. அதுங்க கடலுக்குப் போயிருக்காது. பம்புக்கு அடுத்து தண்ணி எதுல நுழையுதோ, ஆயில் கூலரோ எக்ஸ்சேஞ்சரோ, அதோட நுழைவு மூடியைத் திறங்க. டியூப் வாயில அடைச்சுக் கிடக்கும்.

திறந்த கையோட டியூபையும் பாருங்க. பென்சில் ஜிங்கை (டியூபுக்குப் பதிலா தான் கரையற துத்தநாகக் குச்சி) முதல்ல கழட்டிடணும். மெல்லிய மரக்குச்சியோ பித்தளைக் கம்பியோ விட்டுத் தள்ளுங்க. வெல்டிங் ராடு விட்டுக் குத்தினா டியூப் ஓட்டையாகி உப்புத் தண்ணி கூலண்ட்ல கலந்துடும். வெள்ளைப் படிவம் போகலன்னா 10 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணில 1 கிலோ சிட்ரிக் ஆசிட் கரைச்சு, டியூப் கட்டை அதுல ஊற வைங்க. நுரைக்கறது நின்னதும் எடுத்து நல்ல தண்ணில அலசுங்க. பட்டறையில காட்டமான ஆசிட் ஊத்துவாங்க, வேலை சீக்கிரம் முடியும், டியூபும் சீக்கிரம் முடியும். ஜிங்க் பாதிக்கு மேல கரைஞ்சிருந்தா புதுசு, ஓ ரிங்கும் புதுசு.

இம்பெல்லர் மாட்டும்போது சோப்புத் தண்ணியோ கிளிசரினோ தடவுங்க, கிரீஸ் வேண்டாம், ரப்பர் ஊதிடும். இதழ் எல்லாம் சுத்தற திசைக்கு எதிர்ப்பக்கம் சாயணும். மூடியோட மறுபக்கம் வழவழன்னு இருந்தா திருப்பிப் போட்டுக்கலாம். கேஸ்கட் அதே கனத்துல இருக்கணும், பேஸ்ட்டை அப்பினா இடைவெளி கூடி பம்பு தண்ணியே இழுக்காது.

உப்பனாறு டிரைவர்

உள் பக்கம் எப்பவாவது ஒழுக்கு அடைக்க மஞ்சத்தூள் போட்டிருந்தா அதையும் கழுவி எடுங்க. ஒழுக்கை அடைக்கற பொருள் டியூபையும் அடைக்கும்.

முதுநகர் போட்

ஒரு நுனி ஆயில் கூலர் வாயில, இன்னொண்ணு எக்ஸ்சேஞ்சர் டியூப்ல கிடைச்சுது. எல்லாம் மாத்தியாச்சு. 1500ல 17 வினாடி. மடி இழுக்கும்போது என்ஜின் 84, விழற தண்ணி 40. 98 வரை போனதுல ஹெட் கேஸ்கட் அடிபட்டிருக்குமா?

தேங்காய்த்திட்டு டீசல்

காலையில ஆறின என்ஜின்ல கூலண்ட் கேப்பைத் திறந்து வச்சு ஸ்டார்ட் பண்ணி, லேசா ரேஸ் கொடுத்துப் பாருங்க. ஆரம்பத்துல ரெண்டொரு குமிழி வந்து நின்னா அது உள்ள மாட்டின காத்து. விடாம வந்து, ரேஸுக்குத் தகுந்தாப்புல கூடினா கேஸ்கட் போச்சு. டிப்ஸ்டிக்ல ஆயில் வெளுத்திருக்கான்னும் பாருங்க. ரெண்டும் இல்லன்னா தாராளமா தொழிலுக்குப் போகலாம்.

இனிமே அலாரம் அடிச்சா பக்கக் குழாயை எட்டிப் பாருங்க. தண்ணி விழுதுன்னா நியூட்ரல் பண்ணி ஐடில்ல ஆற விடுங்க. விழலன்னா உடனே நிறுத்துங்க. சூட்டோட கேப்பைத் திறக்காதீங்க, பச்சைத் தண்ணி ஊத்தாதீங்க, ஹெட் வெடிச்சுடும்.

அடுத்த தடைக்காலத்துக்குக் கட்டும்போது கடல் தண்ணிச் சுத்தை நல்ல தண்ணில அலசி வடிச்சுட்டு, சீ காக்கை மூடி, இம்பெல்லரைக் கழட்டித் தனியா எடுத்து வைங்க. பம்புல இம்பெல்லர் இல்லன்னு ஒரு சீட்டு எழுதி ஸ்டார்ட்டர் சாவியில கட்டிடுங்க.