மணலுக்கடியில் பழைய வெள்ளிக்காசு: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

செம்பவாங்வாசி

மெட்டல் டிடெக்டர் வாங்கியவர்கள் எல்லாரும் முதலில் ஓடுவது சிங்கப்பூரின் கிழக்குக் கடற்கரைக்குத்தான். தாராளமாகப் போங்கள். மோதிரம் கிடைக்கும், கைச்சங்கிலி கிடைக்கும், இன்றைய சில்லறை நிறையவே கிடைக்கும். பழைய வெள்ளிக்காசை மட்டும் அங்கே எதிர்பார்க்காதீர்கள். அந்தக் கரையே 1966இல் தொடங்கிக் கடலை நிரப்பி உண்டாக்கியது. விக்டோரியா அரசியார் காலத்தில் மக்கள் நடந்த கரை இப்போது காத்தோங் பக்கம் சாலைகளுக்கும் வீடுகளுக்கும் அடியில் இருக்கிறது. இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் மறுவாரமே அங்கேதான் போய் நிற்கிறார்கள்.

நான் தேடுவது செம்பவாங் கரையில். இயற்கையான கடற்கரை மிச்சமிருக்கும் சில இடங்களில் அதுவும் ஒன்று. 1938இல் திறக்கப்பட்ட கடற்படைத் தளம் பக்கத்திலேயே இருந்தது. 1971இல் பிரிட்டிஷ்காரர்கள் வெளியேறும் வரை அதை நம்பித் தமிழர், மலையாளிகள், மலாய்க்காரர், சீனர் என்று எத்தனையோ குடும்பங்கள் அங்கே வாழ்ந்தன. ஆள் புழங்கிய இடத்தில்தானே காசு விழும்.

அங்கே கிடைத்ததில் எனக்குப் பிடித்தது 1927ஆம் ஆண்டுப் பத்துக் காசு. சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா முதலியவை பிரிட்டிஷாரின் நீரிணைக் குடியேற்றமாக இருந்த காலத்தது, ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலை போட்டது. எடுத்தபோது கரி பிடித்த தகரத் துண்டு என்றே தோன்றியது. கடல்நீரில் அலசியதும் ஒரு பக்கம் முத்து முத்தான வட்டத்துக்குள் ‘10’ என்ற எண் எழும்பியது. திருப்பினால் மன்னரின் கழுத்துக்குக் குறுக்கே ஒரு பற்றவைப்பு, அதில் முறிந்துபோன கம்பி வளையத்தின் அடிக்கட்டை. யாரோ இதைச் சட்டைப் பொத்தானாகவோ பிள்ளையின் கழுத்தில் பதக்கமாகவோ போட்டிருக்கிறார்கள். நாணயம் சேகரிக்கும் நண்பர், பற்றவைத்ததால் இதற்கு விலையே போய்விட்டது என்றார். அந்தப் பற்றவைப்புக்காகத்தான் நான் அதை வைத்திருக்கிறேன்.

புதுக்கருவிக்காரன்

அண்ணா, என் கருவியின் திரையில் டின் பானத்தின் மூடி வளையத்துக்கும் இந்தக் காசுகளுக்கும் ஒரே எண்தான் காட்டுமென்று கடைக்காரர் சொல்கிறார். பிறகு எப்படித்தான் பிரித்தறிவது? ஈரமணலில் வேறு அது ஓயாமல் கத்துகிறது.

பழைய எலக்ட்ரீஷியன்

தம்பி, கடைக்காரர் சொன்னது சரிதான். வெள்ளி என்றால் திரையில் பெரிய எண் வரும் என்று நம்பிக் கொண்டிருப்பவர்கள் பெரிய காசை மட்டுமே பார்த்தவர்கள். நீரிணைக் குடியேற்ற ஐந்து காசின் எடை 1.36 கிராம். அகலம் சுமார் 15 மில்லிமீட்டர், அதாவது இன்றைய ஐந்து காசைவிடவும் சிறியது, மெலிந்தது. கருவி காட்டும் எண், உலோகம் எதுவென்பதை மட்டும் பொறுத்ததன்று. பருமனும் அளவும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன. அதனால் இந்தக் குட்டிக் காசு அலுமினிய வளையத்தோடு ஒரே வரிசையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. வளையத்தை ஒதுக்கும்படி கருவியை முடுக்கி வைத்தால் காசும் சேர்ந்து ஒதுங்கிவிடும். குப்பையும் தோண்டித்தான் ஆக வேண்டும், வேறு வழியில்லை.

கத்துவதற்குக் காரணம் உப்புநீர். அதுவே மின்சாரத்தைக் கடத்துவதால் ஒற்றை அலைவரிசைக் கருவி கடலையே உலோகமாக எடுத்துக்கொள்கிறது. உணர்திறனைக் குறையுங்கள், கருவியின் அடியிலுள்ள வட்டச் சுருளை ஒரே உயரத்தில் மெதுவாக வீசுங்கள். பல அலைவரிசைகளில் ஒரே நேரத்தில் வேலை செய்யும் கருவியானால் இந்தத் தொல்லை பெரிதும் அடங்கும். ஹெட்போன் கட்டாயம். சின்னக் காசின் ஒலி அலைச்சத்தத்தில் கரைந்துவிடும். இரண்டு பக்கமிருந்து வீசியும் அதே இடத்தில் அதே ஒலி திரும்ப வந்தால் நின்று தோண்டுங்கள். கடல் நன்றாக உள்வாங்கும் நேரத்தை ஓத அட்டவணையில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இன்னொன்று. பெரிதாக, ஆழத்தில், நீள்வாக்கில் ஏதாவது அகப்பட்டால் கையை எடுத்துவிட்டுப் போலீசைக் கூப்பிடுங்கள். 2023 செப்டம்பரில் அப்பர் புக்கிட் தீமா கட்டுமானத் தளத்தில் 100 கிலோ போர்க்கால வெடிகுண்டு கிடைத்து, நாலாயிரம் பேருக்கு மேல் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது நினைவிருக்கும். பூங்காப் புல்தரையிலும் மரத்தடியிலும் அனுமதியில்லாமல் மண்வெட்டி வைக்கவே கூடாது.

சாங்கிப் பக்கத்தவள்

எனக்குச் சாங்கியில் கிடைத்தது ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட மலாயா ஐந்து காசு, 1943ஆம் ஆண்டுக்குரியது. அந்த ஆண்டு இங்கே ஜப்பானியர் ஆட்சி. சந்தையில் கைமாறியது அவர்கள் அச்சடித்த வாழைமர நோட்டு. அப்படியென்றால் இந்தக் காசு தன் பிறந்த ஆண்டில் சிங்கப்பூரில் செல்லுபடியாகியிருக்க வழியே இல்லை. போர் முடிந்து ஆங்கிலேயர் திரும்பிய பிறகுதான் யாருடைய பையிலாவது ஏறியிருக்க வேண்டும். 1939ஆம் ஆண்டுக் காசில் 75 விழுக்காடு வெள்ளி, இதில் 50 விழுக்காடுதான். போர் வெள்ளியையும் தின்றிருக்கிறது.

சாங்கிக்கு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1942 பிப்ரவரி 20 அன்று அந்தக் கரையின் நீரோரத்தில் 66 சீன ஆண்களை நிற்கவைத்து ஜப்பானியர் சுட்டுக் கொன்றார்கள். கடற்கரைப் பூங்காவில் நினைவுக்கல் இருக்கிறது. அந்தப் பக்கம் வந்தால் நான் கருவியை அணைத்துவிடுவேன். எந்தச் சட்டத்துக்காகவும் இல்லை, எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். சென்ற மாதம் ஒருவர் கல்லுக்குப் பக்கத்திலேயே குழி பறித்துக் கொண்டிருந்தார். சொன்னேன், முறைத்தார், போய்விட்டார்.

புதுக்கருவிக்காரன்

அக்கா, கறுத்துப்போன காசை எப்படித் துலக்குவீர்கள்? அம்மா திருநீறு போட்டுக் குத்துவிளக்கு மாதிரி பளபளவென்று தேய்த்துத் தருகிறேன் என்கிறார்.

சாங்கிப் பக்கத்தவள்

அம்மாவிடமிருந்து காசை ஒளித்துவையுங்கள்! திருநீறும் புளியும் விளக்குக்குச் சரி. காசின் மேல் தேய்த்தால் மன்னரின் மூக்கும் தலைமயிரின் கோடுகளும் மழுங்கிப்போகும். முதலில் உப்பு இறங்க நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள். அதற்கு மேலும் கறுப்பு போக வேண்டுமென்றால் கிண்ணத்தில் அலுமினியத் தாளை விரித்து, அதன்மேல் காசை வைத்து, ஆப்பசோடா தூவி வெந்நீர் ஊற்றலாம். தேய்க்காமலே கறுப்பு இளகும். விலையுள்ள காசு என்று சந்தேகம் வந்தால் அதுவும் வேண்டாம், அப்படியே உலரவைத்து விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

பழைய எலக்ட்ரீஷியன்

1918 முதல் 1920 வரை வந்த காசானால் ஆப்பசோடா எல்லாம் பெரிதாக உதவாது. அப்போது வெள்ளி விலை ஏறியதால் 40 விழுக்காடாகக் குறைத்துவிட்டார்கள். மீதி பெரும்பாலும் செம்பு, அது கடலில் பச்சை பூத்து அரித்திருக்கும். தம்பி, உங்களுடையது எந்த ஆண்டு? படம் போடுங்கள்.