வியாழனுக்குள் ஒரு சொல்: தாவரப்பாலா, பிழிபாலா, ஆவிலியா?

தேக்காக்காரி, திங்கள் காலை

அனைவருக்கும் வணக்கம். அவசரம். சிங்கப்பூரில் எங்கள் பேட்டைச் சமூக மன்றத்தில் மூத்தோருக்குச் சமையல் வகுப்பு நடக்கிறது. வியாழன் மாலை செய்முறைத் தாள் அச்சுக்குப் போகிறது. நான்கு மொழியில் வரும், தமிழ் என் தலையில்.

செய்யப்போவது ஐஸ் போட்ட பால் தேநீர். காப்பிக்கடையில் 'தே பெங்' என்று கேட்டு வாங்குவோமே, அதேதான். ஆனால் டின்பாலும் கிடையாது, பசும்பாலும் கிடையாது. சோயா, ஓட்ஸ், பாதாம் இவற்றிலிருந்து எடுத்த பால். இந்தப் பால்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு பொதுப்பெயர் வேண்டும். பானத்துக்கும் ஒரு பெயர் வேண்டும். படிப்பவர்கள் எழுபதைத் தாண்டியவர்கள், அதை மனதில் வைத்துச் சொல்லுங்கள். போன தடவை 'தே தாரிக்'குக்கு நீங்கள் எல்லாரும் சேர்ந்து 'இழுதேநீர்' கொடுத்தீர்கள். வகுப்பில் ஒரு தாத்தா, "ஏம்மா, ஆத்துன டீன்னு போட மாட்டியா?" என்று கேட்டார். இன்னும் மறக்கவில்லை.

நெல்லைக் கிழவன், திங்கள் மதியம்

அம்மா, தயவுசெய்து 'தாவரப்பால்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். தாவரம் என்பது ஸ்தாவரம் என்ற வடசொல். நமக்கு 'நிலைத்திணை' என்ற அருமையான சொல் இருக்கிறது. நிலைத்திணைப்பால் என்க.

பொறியன், திங்கள் மதியம்

ஐயா, 'நிலைத்திணைப்பால் சேர்த்த தேநீர்' என்று படித்து முடிப்பதற்குள் ஐஸ் கரைந்துவிடும். அது போக, "செல்லாஅ நின்ற இத் தாவர சங்கமத்துள்" என்று மாணிக்கவாசகர் பாடிவிட்டார். அவருக்கு ஆகிவந்த சொல் ஒரு கோப்பைத் தேநீருக்கு ஆகாதா?

நெல்லைக் கிழவன்

மாணிக்கவாசகர் இறைவனைப் பாடினார், தம்பி. தேநீர்க்கடைப் பலகை எழுதவில்லை.

சுங்கை சிப்புட்டான், திங்கள் இரவு

எனக்கு வடமொழி தென்மொழிச் சண்டை வேண்டாம். சிக்கல் 'பால்' என்ற சொல்லிலேயே இருக்கிறது. நான் தோட்டத்தில் பிறந்தவன். எங்களுக்கு 'பால்' என்றால் முதலில் ரப்பர் பால்தான். ரப்பர் மரத்துக்குப் பெயரே பால்மரம். விடியுமுன் அம்மா நெற்றி விளக்கோடு மரம் சீவப் போவார், வெயில் ஏறியதும் வாளியில் பால் எடுப்பார், மழை பெய்தால் பால் இல்லை, கூலியும் இல்லை. 1877இல் சிங்கப்பூர்ப் பூங்காவுக்கு வந்த 22 கன்றுகளில் தொடங்கிய கதை அது. இன்றைக்கு அவரிடம் போய் 'தாவரப்பால்' என்றால், "எந்த மரத்துல சீவுனது?" என்று கேட்பார். தமிழ்நாட்டுப் பக்கமும் அப்படித்தானே? எருக்கம்பால், ஆலம்பால், கள்ளிப்பால். செடியில் கிள்ளினால் வடிவதைத்தான் தமிழன் பால் என்றான். அதில் பாதி குடித்தால் ஆள் காலி.

நெல்லைக் கிழவன்

கள்ளிப்பாலை நினைவூட்டிவிட்டீர்கள். அந்தச் சொல் பெண்பிள்ளை பிறந்த வீட்டில் என்ன வேலை செய்தது என்பது எங்கள் தலைமுறைக்குத் தெரியும். ஆகவே தாவரப்பாலை இன்னொரு காரணத்துக்காகவும் எதிர்க்கிறேன்.

பருத்தித்துறை, செவ்வாய் அதிகாலை

ஏன் இவ்வளவு தூரம் சுத்துறியள்? எங்கட குசினியில ஏற்கெனவே விடை கிடக்கு. மாட்டைக் கறக்கிறம், தேங்காயைப் பிழியிறம். முதற்பால், கப்பிப்பால் எல்லாம் பிழிஞ்ச பால்தானே? கறந்தது கறவைப்பால், பிழிஞ்சது பிழிபால். வினைத்தொகை, மூன்று காலத்துக்கும் பொருந்தும். சோயாவோ கச்சானோ எதைப் போட்டாலும் பிழிபால்தான். அம்மம்மாவுக்கும் விளங்கும்.

பொறியன்

அக்கா, இதுவரை வந்ததில் இதுதான் சொல். என் ஓட்டு பிழிபாலுக்கு.

மரபியல் மாணவன், செவ்வாய் காலை

ஓட்டுப் போடுமுன் ஒரு நிமிடம். 'புறக்காழனவே புல்லென மொழிப, அகக்காழனவே மரமென மொழிப' என்பது தொல்காப்பியத்தின் மரபியல். வெளியே வைரம் பாய்ந்தது புல், உள்ளே வைரம் பாய்ந்தது மரம். அந்தக் கணக்கில் தென்னை புல். அரிசி, ஓட்ஸ் சொல்லவே வேண்டாம். ஆகவே தேங்காய்ப்பால், அரிசிப்பால், ஓட்ஸ்பால் மூன்றும் 'புற்பால்'. பாதாமும் முந்திரியும் 'மரப்பால்'. சோயா கொடியா செடியா என்று பார்த்து மூன்றாவது வகை ஒன்று வகுக்கலாம். வகைப்பாடு அறிவியல்முறையில் இருக்கும்.

சுங்கை சிப்புட்டான்

தம்பி, புல்லைத் தின்னு மாடு தருவதும் புற்பால்தானே?

தேக்காக்காரி, செவ்வாய் இரவு

நீங்கள் வகுத்துக்கொண்டிருங்கள். நான் இன்று வீட்டில் செய்து பார்த்தேன். பார்த்ததில் உங்கள் சொல்லுக்கும் ஒரு சேதி இருக்கிறது.

முதலில் சோயா. கொதிக்கக் கொதிக்க வடித்த தேநீரில் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த சோயாப்பாலை ஊற்றினேன். மூன்றே விநாடி, ரசத்தில் முட்டையை உடைத்து ஊற்றியதுபோல் வெள்ளை வெள்ளையாகத் திரண்டு மேலே மிதந்தது. தேநீருக்குச் சற்று அமிலக் குணம் உண்டு, துவர்ப்பும் உண்டு. அதோடு சூடும் சேர்ந்தால் சோயாவின் புரதம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. இரண்டாம் முறை தேநீரை நன்றாக ஆறவிட்டு, ஐஸ் மேல் ஊற்றி, கடைசியில் சோயாப்பாலை மெதுவாக விட்டேன். திரியவில்லை. ஐஸ் கரையும்போது நீர்த்துப்போகும் என்பதால் 200 மில்லி தண்ணீருக்கு 3 தேக்கரண்டித் தூள், 4 நிமிடம். சர்க்கரையைச் சூட்டிலேயே கரைத்துவிட வேண்டும். ஆறின பிறகு போட்டால் அடியில் மணலாகக் கிடக்கிறது.

அடுத்தது ஓட்ஸ். ஒரு கோப்பை ஓட்ஸ், நான்கு கோப்பை ஐஸ் தண்ணீர், மிக்சியில் 30 விநாடி. அதற்கு மேல் ஓட்டினால் கொழகொழத்துவிடும். மெல்லிய துணியில் வடிகட்டினேன். பருத்தித்துறை அக்கா, இங்கேதான் விஷயம். கை பழக்கத்தில் தேங்காய்த் துருவலைப் பிழிவதுபோல் மூட்டையை முறுக்கிப் பிழிந்துவிட்டேன். வந்தது பால் இல்லை, வெண்டைக்காய் ஊறிய தண்ணீர். விரலைத் தூக்கினால் நூல் வருகிறது. மறுபடி செய்து, பிழியாமல் தானாக வடியவிட்டபோதுதான் சரியாக வந்தது. செய்முறையில் 4ஆம் படி 'பிழியாதீர்கள்' என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன். தலைப்பில் 'பிழிபால்' என்றும் உள்ளே 'பிழியாதீர்கள்' என்றும் எப்படிப் போடுவது?

பருத்தித்துறை

ஐயோ. அப்ப வடிபால்?

பொறியன்

மிக்சியில் அரைப்பதால் 'அரைபால்'?

நெல்லைக் கிழவன்

கடைக்காரர் பாதிக் கோப்பைதான் தருவார்.

மரபியல் மாணவன், செவ்வாய் நள்ளிரவு

தேக்காக்கா 'திரியவில்லை' என்று எழுதியதைப் பார்த்ததும் தூக்கம் போய்விட்டது. புணர்ச்சி விகாரம் மூன்று: தோன்றல், திரிதல், கெடுதல். பாலுக்கும் இந்த மூன்றும்தானே நடக்கிறது? பானத்தின் பெயருக்கு வருகிறேன். பால் + கடல் பாற்கடல், பால் + சோறு பாற்சோறு. அந்த விதிப்படி பால் + தேநீர் = பாற்றேநீர். லகரம் றகரமாகத் திரிகிறது, தகரமும் கூடவே திரிகிறது. சோயாவும் அதே இடத்தில்தான் திரிந்தது.

சுங்கை சிப்புட்டான்

பாற்றேநீர். வாயில் போட்டால் பல் ஆடுகிறது. பாற்குடம் என்று எழுதிவிட்டுப் பால்குடம் எடுக்கிற ஊர் நம்முடையது. 'பால் தேநீர்' என்று இடம் விட்டு எழுதுங்கள், விதி தூங்கட்டும்.

நெல்லைக் கிழவன், புதன் காலை

பால் தேநீர் சரி. 'ஐஸ்'ஸை என்ன செய்யப் போகிறீர்கள்? பனிக்கட்டித் தேநீர் என்றால் நீளம். சங்க இலக்கியத்தில் 'ஆலி' உண்டு, வானத்திலிருந்து விழும் ஆலங்கட்டி. 'ஆலித்தேநீர்' எவ்வளவு குளிர்ச்சியாக இருக்கிறது பாருங்கள்.

தேக்காக்காரி

ஐயா, இங்கே 'தே ஹாலியா' என்றால் இஞ்சித் தேநீர். ஹாலியா மலாயில் இஞ்சி. ஆலித்தேநீர் என்று பலகையில் எழுதினால் சளி பிடித்தவர்கள் எல்லாம் வரிசையில் நிற்பார்கள், நான் ஐஸைக் கொடுப்பேன்.

பொறியன், புதன் மதியம்

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் 2021 செப்டம்பரில், பால் என்ற பெயரில் விற்கும் தாவரப் பானங்களை இணையக் கடைகள் தங்கள் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும் என்றது. 2017இல் ஐரோப்பிய நீதிமன்றமும் சோயாவில் செய்ததைப் பால், வெண்ணெய் என்று விற்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. அங்கே தேங்காய்ப்பால் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. 'தாவரப் பானம்' என்று போட்டால் யாரும் கேள்வி கேட்க முடியாது.

பருத்தித்துறை

தாவரப் பானம் எண்டா எலுமிச்சைச் சாறும் அதுதானே? சட்டம் அவையின்ர மொழிக்கு. நெல்லுக் கதிர் பால் பிடிக்குது எண்டு எங்கட கமக்காரர் சொல்லேக்க ஆர் வழக்குப் போட்டவை? தானியத்துக்குள்ள பால் இருக்கெண்டு தமிழுக்கு எப்பவோ தெரியும்.

நெல்லைக் கிழவன்

இதில் பருத்தித்துறையோடு முழுக்க உடன்படுகிறேன். முதல் முறை என்று நினைக்கிறேன். எனக்கு ஒன்று தோன்றுகிறது. ஆவின் என்பதே ஆ + இன், ஆவினுடையது. அப்படியானால் ஆ இல்லாதது 'ஆவிலி'. ஆவிலிப்பால். ஆவிலி மூன்றே எழுத்து, தூய தமிழ், விலங்கு இல்லை என்பதும் உள்ளேயே இருக்கிறது.

சுங்கை சிப்புட்டான்

ஆவி இல்லாத பாலா? கள்ளிப்பாலே தேவலை.

நெல்லைக் கிழவன்

ஆவி + இலி என்றால் யகர உடம்படுமெய் தோன்றி ஆவியிலி ஆகும். ஆ + இலி என்றால் வகரம் தோன்றி ஆவிலி. படித்தவனுக்குக் குழப்பம் வராது.

பொறியன்

ஆட்டுப்பாலும் எருமைப்பாலும் ஆவிலிதானே ஐயா? அவற்றிலும் ஆ இல்லையே.

மரபியல் மாணவன்

ஆ என்பது எருமைக்கும் வழங்கும். மரபியலில் 'பெற்றமும் எருமையும் மரையும் ஆவே' என்று வருவதிலிருந்து தொடங்கி

தேக்காக்காரி, புதன் இரவு

தம்பி, பாதியில் அனுப்பிவிட்டீர்கள். முடிக்க வேண்டாம்.

நாளை அச்சு. வந்ததை எண்ணிவிட்டேன்: தாவரப்பால் 4, வடிபால் 2, ஆவிலி 1, புற்பால் 1 (மாணவர் மட்டும்). தாவரப்பால் என்றே போடுகிறேன். ரப்பர் மர அம்மாவுக்காக, ஒவ்வொரு படியிலும் பொதுப்பெயர் இல்லாமல் சோயாப்பால், ஓட்ஸ்பால் என்று பெயர் சொல்லியே எழுதிவிட்டேன். பொதுப்பெயர் தலைப்பில் ஒரே ஒரு முறைதான். பானத்தின் பெயர் 'ஐஸ் பால் தேநீர்', அடைப்புக்குள் 'தே பெங்'. தென்னஞ்சர்க்கரைப் பாகு விட்டால் டின்பாலின் இனிப்பு ஓரளவு கிடைக்கிறது, அதையும் ஓரத்தில் சேர்த்திருக்கிறேன்.

நெல்லைக் கிழவன், வியாழன் காலை

என் எதிர்ப்பைப் பதிவு செய்துகொள்க. நான்கு ஓட்டில் இரண்டு, சண்டை முடிந்தால் போதும் என்று போட்டவை. 'ஐஸ் பால் தேநீர்' என்பதில் ஐஸ் பாலுக்கா தேநீருக்கா என்றும் தெரியவில்லை.

தேக்காக்காரி, ஞாயிறு இரவு

வகுப்பு முடிந்தது. பதினோரு பேர் வந்தார்கள். தாளைப் பார்த்த ஒரு பாட்டி, "தாவரப்பால்னா மூலிகையாம்மா, முட்டிவலிக்கா?" என்று கேட்டார். சோயாப்பால் என்றேன். "அதைச் சொல்லு" என்று இரண்டாவது கோப்பை வாங்கிக்கொண்டார்.

அடுத்த மாதம் அதே தேநீரில் கறுப்பு உருண்டை போட வேண்டுமாம், பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள். மரவள்ளி மாவில் உருட்டியது. இதற்கு என்ன சொல்லலாம்?

மரபியல் மாணவன், ஞாயிறு இரவு

ஜவ்வரிசி என்ற சொல்லின் வேரிலிருந்து தொடங்குவோம்.