புதுப்பிப்பு: எஃப் ஆக மாறிய தரம் திருத்தப்பட்டது

கட்டுரை தராமல் 'முடிவுறாதது' என்றிருந்த பாடம், கெடு தாண்டியதும் தானாகவே எஃப் (தோல்வி, 0 புள்ளி) ஆனது; முதுகலைக்கு 3.0 சராசரி தேவை, என்னுடையது 2.5-க்குச் சரிந்து, கல்வி எச்சரிக்கை நிலையில் (சராசரி குறைந்தவர்களுக்கானது) வைக்கப்பட்டேன் என்று எழுதியிருந்தேன். வழிகாட்டிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

பலித்தது, "பாட ஆசிரியரிடமே தரத் திருத்தம் கேளுங்கள்" என்ற யோசனைதான். மருத்துவச் சான்றுடன் கட்டுரையைக் கொடுத்தேன். பி (3 புள்ளி) கிடைத்தது, நான்கு பாடங்களின் சராசரி 3.25.

அந்தப் பாடத்தை மீண்டும் படித்திருந்தால் தப்பியிருக்க மாட்டேன். எங்கள் விதிப்படி பழைய எஃப்பும் கணக்கில் நிற்கும். ஏ (4 புள்ளி) வாங்கினாலும் ஐந்து தரங்களின் சராசரி 2.8தான். இதை முதலிலேயே கணக்கிட்டுப் பாருங்கள்!

எதிர்பாராதது: தரம் மாறியும் எச்சரிக்கை நீங்கவில்லை. துறைக்குத் தனியாக விண்ணப்பித்த பிறகே நீக்கினார்கள்.