பளபளப்பு வேறு, என்ஜின் வேறு: ஓப்பன் வேர்ல்டு ஆர்பிஜி அனுபவங்கள்

பாளைக்காரன்:
வீடியோ கேமை உள்ளிருந்து ஓட்டும் மென்பொருள்தான் என்ஜின்; அதில் எது பெரிசு என்று பேச்சு வந்தாலே எல்லாரும் ஸ்கிரீன்ஷாட்டைத்தான் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள். எனக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. 2011-இல் வந்த ஸ்கைரிம் கேமை இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறவன் நான். அதில் வைட்ரன் ஊர் வீட்டு மேஜையில் ஒரு சீஸ் கட்டியை வைத்துவிட்டு, மலைப்பக்கமெல்லாம் சுற்றித் திரும்பினாலும் வைத்த இடத்திலேயே இருக்கும். பக்கத்துக் கிண்ணத்தைத் தட்டிவிட்டேன். அது உருண்டுபோய் அடுப்போரம் கிடந்தது, அடுத்த முறை போனபோதும் அங்கேதான். ஸ்கைரிமின் கிரியேஷன் என்ஜின் இதையெல்லாம் சேவ் ஃபைலில் எழுதி வைக்கிறது. கதவைத் திறந்தால் லோடிங் ஸ்கிரீன் வருவதும் அதே என்ஜினின் குணம்தான், வீட்டின் உட்புறத்தைத் தனிச் செல்லாக, அதாவது தனியே ஏற்றும் பகுதியாக வைத்திருக்கும். விட்சர் 3 கேமில் நோவிகிராட் நகர வீடுகளுக்குள் சட்டென்று நுழைந்துவிடலாம், சரி. மேஜையில் இருக்கும் தட்டை நகர்த்த முடியுமா?

2025 ஏப்ரலில் வந்த ஆப்லிவியன் ரீமாஸ்டரை, அதாவது பழைய ஆப்லிவியன் கேமின் புதுப்பித்த பதிப்பைப் பாருங்கள். மேலே படம் காட்டுவது அன்ரியல் என்ஜின் 5, உள்ளே ஓடுவது 2006-இன் பழைய சரக்கு. வெளிச்சம் கண்ணைப் பறிக்கிறது. ஊர்க்காரர்கள் பேச்சு மட்டும் அன்றைக்கு இருந்த அதே கோமாளித்தனம்! எனக்கு அதுதான் பிடித்தது.

பணகுடிக் காத்து:
அண்ணாச்சி, சீஸ் கட்டிக்காக யார் ஆர்பிஜி (ஒரு பாத்திரமாக மாறி ஆடும் கேம்) ஆடுகிறார்கள்? எங்கள் பக்கம் ஆனி, ஆடியில் காற்று கணவாய் வழியாகப் பாய்ந்து வரும்போது புளியமரம் மொத்தமாக ஒரு பக்கம் சாயும். விட்சர் 3-இல் வேலன் என்ற பகுதியில் புயல் கிளம்பினால் மரங்கள் அப்படியே அதே ஆட்டம்தான். முதல் தடவை பார்த்தபோது குதிரையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தேன். இத்தனைக்கும் அந்த மரங்களுக்குப் பின்னால் இருப்பது மரம் உருவாக்கும் மென்பொருளான ஸ்பீட்ட்ரீ. பழைய ஆப்லிவியனிலும் அதேதான். கருவி ஒன்று, கை வேறு.

அதனால்தான் விட்சர் 3-ஐச் செய்த சிடி ப்ராஜெக்ட் ரெட் நிறுவனம் தன் ரெட்என்ஜினை விட்டு அன்ரியலுக்குப் போவதாக 2022-இல் சொன்னபோது நான் பதறவில்லை. அப்புறம், கிங்டம் கம் 2-ஐ ஆடிப் பாருங்கள். அது கிரைஎன்ஜின். காட்டுக்குள் இலைக்கு நடுவே வெயில் இறங்கும் அழகு ஒன்று போதும்.

பாளைக்காரன்:
காற்றுக்கு ஒத்துக்கொள்கிறேன் தம்பி, சீஸை விட்டுத் தர மாட்டேன். என்னிடம் இருப்பது 1660 சூப்பர் கிராபிக்ஸ் கார்டு, கிங்டம் கம் 2 ஓடுமா?

பணகுடிக் காத்து:
படத் தரத்தை மீடியத்தில் வைத்தால் ஓடும் அண்ணாச்சி. குட்டன்பெர்க் நகரத்துக்குள் போனால் ஃபிரேம் (நொடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கை) இறங்கும், அங்கே கூட்டம் அதிகம், சிபியுவுக்குத்தான் வேலை. கார்டைத் திட்டாதீர்கள்.