ஜஸ்ட் இன் டைம்: கோடவுன் யார் தலையில்?

சேதராப்பட்டு லேத்:
ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனிக்கு, புதுச்சேரி சேதராப்பட்டில் இருக்கிற எங்கள் பட்டறையில் மெஷினிங் (லேத்தில் கடைகிற வேலை) செய்து கொடுக்கிறோம். அதற்கான காஸ்டிங் (உருக்கி வார்த்த உலோகத் துண்டு) கோவையிலிருந்து வருகிறது. எல்லாம் சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். முன்னாலேயே போனால் கேட்டுக்கு வெளியே காத்திருக்க வேண்டும், தாமதமானால் கேட்கவே வேண்டாம். ஸ்டாக் அடுக்கிவைக்காமல், வேண்டிய நேரத்துக்கு மட்டும் சரக்கை வரவழைக்கிற இந்த முறைக்கு 'ஜஸ்ட் இன் டைம்' என்று பெயர்.

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டு, அரசூரில் சென்னை-திருச்சி சாலையே வெள்ளத்தில் முடங்கியது நினைவிருக்கும். எங்கள் காஸ்டிங் லாரி உளுந்தூர்பேட்டையைத் தாண்ட முடியவில்லை. ஷெட்டில் கரண்டும் இல்லை. அப்புறம் என்ன, 'உங்களால் உற்பத்தி லைன் நின்றது' என்று நஷ்டத்தை எங்கள் பில்லில் கழித்து டெபிட் நோட் வந்தது.

இந்த முறையில் ஸ்டாக் ஒன்றும் ஒழிந்துவிடவில்லை. பெரிய கம்பெனியின் கோடவுனிலிருந்து எங்கள் ஷெட்டுக்கும் லாரிக்கும் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். இதை விட்டொழித்தால்தான் சின்னப் பட்டறைகள் பிழைக்கும் என்கிறேன். மறுப்பவர்கள் வரலாம்.

பழைய பர்ச்சேஸ், செம்மண்டலம்:
தம்பி, கோபம் நியாயம். ஆனால் திட்ட வேண்டிய ஆள் வேறு. கோடவுன் நிறைய சரக்கு வைத்திருந்த காலத்தையும் நான் பார்த்தவன். ஒரு லாட்டில் துளை அளவு தப்பாக இருந்தால், அது தெரிவதற்குள் அதே தப்போடு ஆயிரக்கணக்கில் செய்து அடுக்கியிருப்பார்கள். கொஞ்சம் கொஞ்சமாக வந்தால் அடுத்த ஷிஃப்டிலேயே பிடித்துவிடலாம். டொயோட்டாவில் டாய்ச்சி ஓனோ இந்த முறையை வளர்த்ததற்குக் காரணம் பணத்தை மிச்சம் பிடிப்பது மட்டும் இல்லை.

அங்கே சப்ளையர்கள் ஆலையைச் சுற்றியே இருந்தார்கள். இங்கே கோவைக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் 350 கிலோமீட்டருக்கு மேல் வைத்துக்கொண்டு, ஒரே காஸ்டிங் கடை, ஒரே ரோடு. இதற்கு அந்தப் பெயரைச் சூட்டுவதே தப்பு.

1997 பிப்ரவரியில், டொயோட்டாவுக்கு உதிரிபாகம் கொடுக்கிற ஐசின் செய்கி கம்பெனியின் கரியா ஆலை எரிந்தது. அங்கே செய்தது பிரேக்கில் போகிற ஒரு சின்ன வால்வு. டொயோட்டாவுக்குத் தேவையான அந்த வால்வு ஏறக்குறைய முழுவதும் அங்கிருந்துதான் வந்தது. கையில் இருந்த ஸ்டாக் சில மணி நேரத்துக்குத்தான் வரும். ஜப்பானில் டொயோட்டா லைன்கள் பெரும்பாலும் நின்றுபோயின. ஆனால் மற்ற சப்ளையர்கள், அவர்களுக்குக் கீழே இருந்த சின்னப் பட்டறைகள், தையல் மெஷின் செய்கிற பிரதர் கம்பெனி வரை வரைபடத்தை வாங்கி வால்வு கடைந்து கொடுத்தார்கள். ஒரு வாரத்துக்குள் கார் ஓடத் தொடங்கியது. அந்த ஒட்டுறவும் இந்த முறையிலிருந்து வந்ததுதான்.

சேதராப்பட்டு லேத்:
சார், கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். தீ அணைந்த பிறகு டொயோட்டா தன் முதல்நிலை (நேரடியாகச் சரக்கு கொடுக்கிற) சப்ளையர்களுக்கு, அந்தக் காலாண்டில் தனக்கு விற்றதில் 1 சதவீதத்தைக் கூடுதலாகக் கொடுத்தது. எனக்கு வந்தது டெபிட் நோட். முறை ஒன்றேதான் என்றால் இந்த வித்தியாசம் எப்படி?

பண்ருட்டி கரும்பு:
லேத் அண்ணன் சொல்வது எங்களுக்குப் புதிதல்ல. ஆலைக்குக் கரும்பு வெட்டியதும் போய்விட வேண்டும், நேரம் ஆக ஆக சர்க்கரை இறங்கும். அதற்குத்தான் வெட்டு உத்தரவு. ஆலை முற்றத்தில் ஸ்டாக் சேராமல் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் ஆலையில் ஏதாவது பழுது என்றால் டிராக்டர்கள் ரோட்டில் வரிசையாக நிற்கும். வெயிலில் காய்கிற கரும்பு எடை குறையும். எடைபோட்டுத்தான் காசு. காத்திருந்த செலவு யாருடையது என்று நீங்களே சொல்லுங்கள். இதற்கு ஜப்பான் வரை போக வேண்டாம்.

ஷிஃப்ட் பி, குடிகாடு:
எல்லோரும் இரும்பையும் கரும்பையும் பேசுகிறீர்கள். நான் கடலூர் சிப்காட்டில் கெமிக்கல் ஆலையில் வேலை பார்க்கிறேன். எங்களிடம் வந்து 'ஸ்டாக் நிறைய வையுங்கள்' என்று சொல்லாதீர்கள், கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

1984 போபாலில் கசிந்தது என்ன? மெத்தில் ஐசோசயனேட் விற்பனைச் சரக்குகூட இல்லை. பூச்சிமருந்து செய்கிற வழியில் நடுவில் வருகிற ஒரு பொருள். அது ஒரே தொட்டியில் 40 டன்னுக்கு மேல் கிடந்தது. அதற்குள் தண்ணீர் போனதும் நடந்தது உலகத்துக்கே தெரியும். அந்தந்த நேரத்துக்கு வேண்டியதை மட்டும் செய்து அப்போதே தீர்த்திருந்தால் அவ்வளவு பேர் செத்திருக்க மாட்டார்கள். அதற்குப் பிறகு வெளிநாட்டில் சில ஆலைகள் அந்தப் பொருளைத் தொட்டியில் சேர்க்காமல், உண்டாக்கிய கையோடு அடுத்த கட்டத்துக்கு அனுப்புகிற முறைக்கு மாறின. எங்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சியில் முதல் பாடமே இதுதான்: இல்லாத பொருள் கசியாது.

2004இல் சுனாமி, 2011இல் தானே புயல், 2015இல் வெள்ளம் என்று பார்த்த மாவட்டம் இது. இங்கே குளோரினையும் கரைப்பான்களையும் 'ஆபத்துக்கு இருக்கட்டும்' என்று மாதக்கணக்கில் நிரப்பி வைத்தால், ஆலைக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் தூங்க முடியுமா? என் வீடும் அங்கேதான்.

பழைய பர்ச்சேஸ், செம்மண்டலம்:
நல்ல அடி.

சேதராப்பட்டு லேத்:
அடி எனக்கு இல்லை சார். காஸ்டிங் கசியாது, வெடிக்காது. தண்ணீரில் மூழ்கினால் துரு பிடிக்கும், துடைத்து ஓட்டிவிடலாம். குடிகாடு தம்பி சொல்வதை நான் முழுசாக ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த நியாயத்தைக் காட்டி என் சரக்கையும் குறைக்கச் சொல்லக் கூடாது.

மருந்துக்கடை, நெல்லிக்குப்பம்:
அண்ணா, எங்கள் கடையில் இரண்டு விதமும் உண்டு. பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை எல்லாம் மொத்தவியாபாரி தினமும் அனுப்புவார் என்று நாலைந்து ஸ்ட்ரிப்தான் வைப்பது வழக்கம். மழை மாதத்தில் அதை மாற்றிவிட்டேன். ஐப்பசி பிறந்தாலே கூடுதலாக வாங்கி வைக்கிறேன். காலாவதி தூரத்தில் இருக்கிறது, இடமும் கொஞ்சம்தான் பிடிக்கும்.

இன்சுலின் அப்படி இல்லை. பிரிக்காத குப்பி 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். தானே புயலுக்குப் பிறகு இந்தப் பக்கத்துக் கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அப்போது ஃப்ரிட்ஜ் நிறைய இன்சுலின் வைத்திருந்தவர்கள் என்ன செய்திருப்பார்கள்? ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டும், அந்த டீசலும் லாரியில்தான் வர வேண்டும். அதனால் 'ஸ்டாக் வை', 'வைக்காதே' என்று மொத்தமாகச் சண்டை போடுவதில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒவ்வொரு சரக்குக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

பழைய பர்ச்சேஸ், செம்மண்டலம்:
அம்மா சொன்னதைத்தான் டொயோட்டாவே பிறகு செய்தது. 2011 மார்ச் நிலநடுக்கத்தில் ரெனசாஸ் கம்பெனியின் நாகா சிப் ஆலை முடங்கியது. அதன் பிறகு எந்தெந்தப் பொருள் திரும்பக் கிடைக்க நாளாகும் என்று பார்த்து, சிப்புக்கு 2 முதல் 6 மாதம் வரை ஸ்டாக் வைக்கச் சொன்னார்கள். சீட்டுக்கோ பம்பருக்கோ அப்படிச் சொல்லவில்லை. 2021 சிப் பஞ்சத்தில் மற்ற கம்பெனிகள் வருஷத் தொடக்கத்திலேயே லைனை நிறுத்த, டொயோட்டா ஆகஸ்ட் வரை பெரிதாக அடிபடாமல் ஓட்டியது. அதற்கு மேல் அவர்களாலும் முடியவில்லை, செப்டம்பர் உற்பத்தியை 40 சதவீதம் குறைத்தார்கள். இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன், பாதிக் கதை என்று தம்பி மறுபடி சொல்ல வேண்டாம்.

சேதராப்பட்டு லேத்:
அந்த ஸ்டாக்கை வைத்தது யார் சார்? சப்ளையர்தானே? மறுபடி அதே இடத்துக்கு வந்துவிட்டோம்.

என் கணக்கு இது. சில நாள் காஸ்டிங்கை முன்கூட்டியே வாங்கி அடுக்க எனக்கும் ஆசைதான். பேங்கில் சிசி லிமிட் (ஸ்டாக்கைக் காட்டி எடுக்கிற கேஷ் கிரெடிட் கடன்) இருக்கிறது. ஆனால் ஸ்டாக் மதிப்பில் வழக்கமாக 25 சதவீதத்தை மார்ஜின் என்று கழித்துவிடுவார்கள், காசு கொடுக்காமல் கடனுக்கு வாங்கிய சரக்கைக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள். மிச்சத்துக்கு வட்டி. எனக்கு வர வேண்டிய பில்லோ இழுத்துக்கொண்டே போகிறது. சிறு தொழிலுக்கு 45 நாளைக்குள் கொடுக்காவிட்டால் அந்தச் செலவை அந்த வருஷ வருமான வரியில் கழிக்க முடியாது என்று 2024 ஏப்ரல் 1 முதல் விதி இருக்கிறது. அதைச் சொல்லிக் கேட்டால் அடுத்த மாத ஷெட்யூலில் எண்ணிக்கை குறைந்து வருகிறது.

விட்டொழிக்க வேண்டும் என்று தொடங்கியதை இப்படி மாற்றிக் கேட்கிறேன்: அக்டோபர் முதல் டிசம்பர் வரை மட்டும் ஒரு வார ஸ்டாக் நான் வைக்கிறேன். இடம் என்னுடையது, வட்டி அவர்களுடையது. சாலை மூழ்கியதாக கலெக்டர் அலுவலகம் அறிவித்த நாட்களுக்கு டெபிட் நோட் கிடையாது. இரண்டும் பர்ச்சேஸ் ஆர்டரில் எழுத்தில் வர வேண்டும்.

பழைய பர்ச்சேஸ், செம்மண்டலம்:
இரண்டாவது கிடைக்கும், அழுத்திக் கேளுங்கள். முதலாவதைக் கேட்டால் 'ஓசூரில் ஆள் இருக்கிறான், வட்டி கேட்கவில்லை' என்பார்கள். நானே அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

சேதராப்பட்டு லேத்:
ஓசூர்க்காரரின் நம்பர் இருந்தால் தனிச்செய்தியில் அனுப்புங்கள் சார். அவரிடமும் பேசிவிடுகிறேன்.