யூனிக்ஸ் பற்றிப் பொதுமக்களுக்கு 40 நிமிட உரை: எதைச் சொல்வது, எதைக் காட்டுவது?

கருவேலம் (கேள்வி)
தலைப்பு ‘யூனிக்ஸ் விட்டுச்சென்றவை’. (யூனிக்ஸ் என்பது ஒரு இயங்குதளம்.) கேட்க வருபவர்களில் பாதிப் பேர் கணினித் துறைக்கு வெளியே இருப்பவர்கள். 1969-இலிருந்து வரிசையாகச் சொன்னால் தூங்கிவிடுவார்கள். மேடையிலேயே எதையாவது இயக்கிக் காட்ட வேண்டும். எது எடுபடும், எங்கே சொதப்பும்?

உச்சிவெயில்
வம்சாவளிப் படம் வேண்டவே வேண்டாம். வரலாற்றில் மூன்று விஷயம் போதும். ஏடி அண்ட் டி தொலைபேசி நிறுவனத்தின் ஆய்வுக்கூடமான பெல் லேப்ஸ், மல்டிக்ஸ் என்ற இயங்குதளத் திட்டத்தை விட்டு விலகியபின் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் பிடிபி-7 என்ற ஒரு கணினியில் தொடங்கியது. 1973-இல் கெர்னலையே (இயங்குதளத்தின் மையப் பகுதியை) சி மொழியில் திருப்பி எழுதியதால் வேறு இயந்திரங்களுக்குப் போக முடிந்தது. அடுத்தது 1956-ஆம் ஆண்டின் நீதிமன்ற உடன்பாடு. ஏடி அண்ட் டி தொலைபேசித் தொழிலைத் தாண்டி வியாபாரம் செய்யக் கூடாது என்றது அது. அதனால்தான் பல்கலைக்கழகங்களுக்கு மூலநிரலோடு மலிவாகக் கிடைத்தது, பெர்க்லியில் பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் கிளை வளர்ந்தது. ‘நன்றாக இருந்தது, பரவியது’ என்று மட்டும் சொன்னால் அது பாதி உண்மைதான்.

காட்ட வேண்டியது பைப்: ஒரு நிரலின் வெளியீட்டை அடுத்த நிரலுக்கு உள்ளீடாகக் கொடுக்கும் வசதி. டக் மெக்கில்ராய் விடாமல் வலியுறுத்தி 1973-இல் வந்தது. ஒரு உரைக் கோப்பில் அதிகம் வரும் பத்துச் சொற்களை எடுங்கள்: டிஆர் (இடைவெளியை வரிமுறிவாக்க), சார்ட் (வரிசைப்படுத்த), யூனிக் -சி (ஒரே மாதிரி வரிகளைச் சேர்த்து எண்ண), சார்ட் -ஆர்என் (பெரிய எண்ணிக்கையிலிருந்து அடுக்க), ஹெட் (முதல் பத்து வரியை மட்டும் எடுக்க). மொத்தமாக ஒட்டாமல் ஒவ்வொன்றாகச் சேருங்கள். முதல் சார்ட்டை வேண்டுமென்றே விட்டுக் காட்டுங்கள்: ஒரே சொல் பல இடத்தில் வரும், ஏனென்றால் யூனிக் அடுத்தடுத்த வரிகளைத்தான் ஒப்பிடும். இந்த நிரல்கள் ஒன்றையொன்று அறியாதவை என்பது அப்போது சபைக்கே புரியும்.

தாழ்வாரம்
கோப்பு தமிழில் இருந்தால் கவனம். ஆங்கில உதாரணங்களில் வரும் ‘ஏ-இசட் தவிர மற்றதெல்லாம் வரிமுறிவு’ என்பதைப் போட்டால் எல்லாத் தமிழ் எழுத்தும் போய்விடும். லினக்ஸின் டிஆர் பைட் பைட்டாகத்தான் பார்க்கும். ஆனால் வெறும் இடைவெளியை மாற்றுவது பாதுகாப்பானது. 1992-இல் தாம்சனும் ராப் பைக்கும் வடித்த யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் தமிழ்க் குறியின் எந்த பைட்டும் ஆஸ்கி (அடிப்படை ஆங்கில) எழுத்தோடு மோதாது. யூனிக்ஸ் பழைய கருவிகள் இன்றும் தமிழைத் தாங்குவது இந்த ஒரு முடிவால். உரையில் இதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். ‘தமிழ்’ என்பதை பிரிண்ட்எஃப் (அச்சிடும் நிரல்) வழியாக டபிள்யூசி-க்கு (எண்ணும் நிரல்) அனுப்பினால் பைட்டை எண்ணும் -சி 15 என்கும், குறிகளை எண்ணும் -எம் 5 என்கும், நம் கண்ணுக்கோ மூன்றெழுத்து.

சார்ட், யூனிக் இரண்டுக்கும் முன்னால் எல்சி_ஆல்=சி போடுங்கள்; மொழி விதிகளைப் பார்க்காமல் பைட்டுகளையே ஒப்பிடச் சொல்லும் அமைப்பு அது. டெர்மினல் முழுக்க எக்ஸ்போர்ட் செய்துவிடாதீர்கள். செய்தால் -எம் கூட 15 காட்டும்.

உச்சிவெயில்
இன்னொன்று: டெயில் -எஃப் (கோப்பில் புதிதாகச் சேரும் வரிகளைக் காட்ட), கிரெப் (வேண்டிய வரிகளைத் தேட), கட் (வரியின் ஒரு பகுதியை எடுக்க) என்று நேரலையாகக் கோர்த்தால் திரையில் ஒன்றும் வராது. வெளியீடு பைப்புக்குப் போகும்போது கிரெப் ஒரு தொகுதி நிரம்பும்வரை பிடித்துவைக்கும். கிரெப்புக்கு --லைன்-பஃபர்ட் (வரிக்கு வரி அனுப்பு) சேருங்கள்.

ஆண்ட்ராய்டை யூனிக்ஸ் என்று சொல்லிவிட வேண்டாம். அதன் அடியில் உள்ள லினக்ஸ் 1991-இல் புதிதாக எழுதப்பட்டது, யூனிக்ஸிலிருந்து எடுத்துக்கொண்டது இடைமுகத்தை. ஆப்பிளின் மேக்கில்தான் நெக்ஸ்ட் நிறுவனத்தின் இயங்குதளம் வழியாக பிஎஸ்டி நிரலே வந்து சேர்ந்தது.

கருவேலம்
2038 பற்றிக் கேட்டால்?

தாழ்வாரம்
கட்டாயம் கேட்பார்கள். 1970 ஜனவரி 1-இலிருந்து விநாடிகளை, மைனஸ் எண்களுக்கும் இடம் வைத்த 32 பிட்டில் எண்ணினால் 2,14,74,83,647-இல் நிரம்பும். இந்திய நேரம் 2038 ஜனவரி 19 காலை 8:44:07. அதைத் திரையில் காட்ட லினக்ஸில் டேட் -டி, பிறகு @ குறியோடு அந்த எண். மேக்கில் -ஆர், @ இல்லாமல்.